பெர்ட்டி ஓஜலாவின் சூட்டுச் சட்டை

பெர்ட்டி ஓஜலா ஓடும் வண்டியிலிருந்து ஒருநாளும் விழுந்ததில்லை. நின்ற வண்டியிலிருந்துதான் விழுந்தாள். அதுவும் பெட்ரோல் பங்க் எதிரில், ஊர் பார்க்க.

செப்டம்பர் கடைசி. சுப்பீரியர் ஏரிக்கரையோரமாக ஒரு நல்ல சுற்று சுற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தாள். வெயில் இருந்தது, பேருக்கு. ஏரிக்காற்று கையுறையைப் பொருட்படுத்தவே இல்லை. விரல்கள் ஒவ்வொன்றாக வெளுத்து மெழுகுத்திரி போலாகி, கடைசியில் வேறு யாருடைய விரல்களோ ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டிருப்பது போலிருந்தது. நாற்சந்தியில் நிறுத்தக் கிளட்சைப் பிடிக்கவேண்டும். விரல் மடங்கவில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. அடி வெட்டுப்பட்ட மரம் யோசித்து யோசித்துச் சாய்வதுபோல, வண்டியும் அவளுமாக இடப்பக்கம் சாய்ந்தார்கள்.

பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த கென்னி லெமியூ குழாயை மாட்டிவிட்டு மெதுவாக நடந்து வந்தான். பக்கத்துப் பண்ணைக்காரன், ஆடு வளர்ப்பவன், அவள் வயதுதான் இருக்கும்.

“என்ன பெர்ட்டி, கொஞ்சம் படுத்துட்டுப் போலாம்னு தோணிச்சா?”

“ரோடு நல்லா போட்டிருக்கானான்னு பாத்தேன். பேசாம வந்து தூக்கு.”

“அடி பட்டுச்சா?”

“மானத்துலதான்.”

தூக்கி நிறுத்தினார்கள். கிளட்ச் நெம்புகோலின் நுனி உடைந்திருந்தது. கென்னி அதைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பார்த்தான். அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை.

அவள் கையைப் பார்த்த மருத்துவர் இளைஞர். குளிர் பட்டதும் விரல்களின் ரத்தக்குழாய்கள் பயந்துபோய்ச் சுருங்கிக்கொள்கின்றன, உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் முழுக்கத் தீரவும் தீராது என்றார். “கையச் சூடா வச்சுக்குங்க. முடிஞ்சா பைக்க விட்டுருங்க.”

“பனிக்காலம் பூரா லாரி ஓட்டுறேன் டாக்டர். அப்ப ஒண்ணும் ஆகலையே.”

“அதுல ஹீட்டர் இருக்கில்ல,” என்றார் அவர்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. வீடு வரும்வரை பெர்ட்டி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. கவுண்டி நிர்வாகத்தின் பனி ஒதுக்கும் லாரியில் பாதி ஆயுளைக் கழித்தவள். அவர்கள் ஊர் இருக்கும் கீவினா தீபகற்பத்தில் பனி ஆள் உயரம் என்பது பேச்சு வழக்கல்ல. ஜன்னலைத் திறந்தால் எதிரில் சுவர் நிற்கும். மகள் ஜனெல் படிக்க மினியாபொலிஸ் போன வருடம் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. அப்போது பிள்ளைத்தாய்ச்சியாகியிருந்த ஒரு நர்ஸ் தன் பைக்கை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, சும்மா பார்க்கிறேன் என்று போனவள் ஓட்டிக்கொண்டு வந்தாள். அதாவது முதல் கியரிலேயே, வழியெல்லாம்.

கணவன் டேலுக்கு அறுவை மில்லில் முதுகு போயிற்று. பைக்கில் ஏறுகிற உடம்பு இல்லை அவனுக்கு. அவனுடைய ராஜ்யம் கொல்லைப்புறத்துச் சவ்னா. நீராவிக் குளியலுக்கான சின்ன மரக்கட்டிடம், நடு அறையில் அடுப்பும் கல்லும் நீராவியும், ஒரு பக்கம் உடை மாற்றும் அறை, மறுபக்கம் மூன்றாவதில் விறகு. அந்த மூன்றாவது அறையைத்தான் பெர்ட்டி வண்டிக்குக் கேட்டாள். சுவருக்கு அப்பால் அடுப்பு எரியும்போது அங்கேயும் இதமாக இருக்கும்.

“விறகு நனைஞ்சிருமே,” என்றான் டேல்.

“மரமா நின்னப்போ நனையாமலா இருந்துச்சு?”

டேல் இரண்டு நாள் யோசித்தான். பிறகு விறகுக்கு வெளியே கூரை போட்டுக்கொண்டான்.

முதல் வருடம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வண்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான். மே மாதம் திறந்து பார்த்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகிக் காய்ந்திருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து கிளப்பியபோது வண்டி இருமியது, மூச்சுத் திணறியது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தாள். உள்ளே டேல் குருவிகளுக்கென்று வாங்கி வைத்திருந்த சூரியகாந்தி விதை முழுவதும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. மேலே பஞ்சு மெத்தை. ஒரு எலிக் குடும்பம் பனிக்காலத்தைச் சுகமாகக் கழித்துவிட்டுக் காலி செய்துகொண்டு போயிருந்தது.

“குருவி இவ்வளவு தின்னுதேன்னு நானும் பாத்தேன்,” என்றான் டேல்.

அதிலிருந்து அவளுக்கென்று ஒரு முறை உண்டாயிற்று. முதல் பனி தரையில் தங்குவதற்கு முன் எண்ணெய் மாற்றிவிடுவாள். அழுக்கு எண்ணெயோடு வண்டியைத் தூங்கப்போடுவது பல் தேய்க்காமல் படுப்பது மாதிரி என்பாள். டேங்கை விளிம்புவரை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்கும் மருந்தை ஊற்றி, அது கார்புரேட்டர்வரை போய்ச்சேரக் கொஞ்ச நேரம் என்ஜினை ஓடவிடுவாள். செயினைத் துடைத்து மசகு போடுவாள். டயர் ஒரே இடத்தில் அழுந்தாமலிருக்க வண்டியைத் தாங்கியில் ஏற்றி வைப்பாள். பேட்டரியை மெல்லச் சொட்டுச் சொட்டாக ஊட்டும் சார்ஜரோடு இணைப்பாள். கடைசியாக, சைலன்சர் வாயிலும் காற்றுத் துவாரத்திலும் இரும்புக் கம்பளியைத் திணித்து, மறக்காமலிருக்க சாவியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவாள். இரும்பைக் கடித்துப் பார்க்க எலிக்கு ஆசை இருக்காது.

பங்க் எதிரில் விழுந்த அந்த வருடமும் இதெல்லாம் முடிந்ததும் தபாலில் ஒரு பெட்டி வந்தது. சூடாகும் ஹேண்டில் கிரிப். ரப்பருக்குள் மெல்லிய கம்பிச் சுருள், ஒயர், ஒரு திருகு பொத்தான்.

கென்னி முட்டை வாங்க வந்தவன் அதைப் பிரித்துப் பார்த்தான். “டவுன்ல ஒரு பைக் கடைக்காரன் இருக்கான், அவன்கிட்ட குடுத்துரு. ஒயரிங்க்ல கை வச்சா வண்டியே எரிஞ்சிரும்.”

“லாரில லைட்டு எரியலன்னா யார் மாத்துறா?”

“அது கவுண்டி வண்டி. எரிஞ்சா கவுண்டிக்கு நஷ்டம்.”

“உன் பெரிய பைக்க எங்க வச்சிருக்க?” என்று கேட்டாள் பெர்ட்டி.

“வெளிய. தார்ப்பாய் போட்டு.”

“டேங்க் ரொப்புனியா?”

“பாதி இருக்கு. போதும்.”

பெர்ட்டி முட்டையை எண்ணிக் கொடுத்தாள்.

சனிக்கிழமைகளில் டேல் சவ்னாவுக்கு அடுப்பு மூட்டுவான். பெர்ட்டி சுவருக்கு இந்தப் பக்கம், வண்டி அறையில், ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். பழைய கிரிப்பைக் கத்தியால் கீறி வாழைப்பழத்தோல் மாதிரி உரித்தாள். புதியது ஏற மறுத்தது. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் உள்ளளவு வேறு. வலது கிரிப் ஆக்ஸிலரேட்டர் குழாயின் மேல் உட்காரவேண்டும் என்பதால் அது அகலம். அதைக் கவனிக்காமல் ஒரு சாயங்காலம் முழுக்க இடதை வலதில் ஏற்றப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு இரண்டையும் சவ்னா சுவரில் சற்று நேரம் மாட்டிவைத்துச் சூடேற்றினாள். ரப்பர் இளகிற்று. பசை தடவி ஒரே தள்ளில் ஏற்றிவிட்டாள்.

ஒயரை டேங்குக்கு அடியில் கொண்டுபோய், நடுவில் ஃப்யூஸ் வைத்து, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் பாயும்படி ரிலே வைத்து இணைத்தாள். டேல் துண்டு கட்டிய உடம்போடு, வியர்த்து விறுவிறுக்க, நீராவி அறைக்கும் இந்த அறைக்கும் இடையே வந்து போய்க்கொண்டிருந்தான். சாவியைத் திருகினாள். கிரிப் மெல்ல மெல்லச் சூடாயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“கல்யாணத்தப்போ என் கையக்கூட இப்படிப் புடிக்கல,” என்றான் டேல்.

“உன் கை சில்லுன்னு இருந்துச்சு.”

அவன் சிரித்தபடி வந்து, சின்னப் பிள்ளை போல ஹேண்டில்பாரை இடது கோடிக்குத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிட்டுப் பார்த்தான். என்ஜின் ஓடவில்லை, சும்மாதான். பிறகு நெற்றியைச் சுருக்கினான்.

“பெர்ட்டி, இது விட்டா திரும்பி வரணும்தானே?”

“ஆமா.”

“வரலையே.”

அவள் குனிந்து பார்த்தாள். ஹேண்டில்பார் கோடிக்குத் திரும்பும்போது ஒயர் இழுபட்டு ஆக்ஸிலரேட்டரைத் திறந்தபடியே பிடித்துவைத்திருந்தது. சாலையில் திரும்பும்போது அப்படி ஆகியிருந்தால் வண்டி தானாகப் பாய்ந்திருக்கும். பெர்ட்டி அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்தாள். ஒயருக்கு ஒரு தாராளமான வளையம் விட்டு, வேறு வழியாகக் கொண்டுபோய், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பி, விட்டு விட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ‘டப்’ என்று திரும்பி வந்தது. அன்று அடுப்பு அணையும்வரை டேல் அந்தப் பெருமையை விடவில்லை, நீராவி அறையிலிருந்து, “யார் கண்டுபிடிச்சது?” என்று அவ்வப்போது குரல் வந்தது.

கைக்கு ஆயிற்று. மருத்துவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: நெஞ்சு குளிர்ந்தால் உடம்பு முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் நிறுத்தும். கிறிஸ்துமஸுக்கு முன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பழைய சாமான் விற்பனை போட்டார்கள். பனிச்சறுக்குக் காலணிகளுக்கு அடியில் ஒரு சூட்டுச் சட்டை கிடந்தது. பைக் ஓட்டிகள் மேலங்கிக்குள் போட்டுக்கொள்வது, கையில்லாதது, துணிக்குள் கம்பி ஓடுவது. இணைக்கும் ஒயர் இல்லை. அதனால்தான் யாரும் சீந்தவில்லை. பெர்ட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, தானே ஒயர் செய்தாள். சட்டையிலிருந்து வரும் ஒயரை இரண்டாகப் பிரித்தாள், ஒரு முனை பைக்கின் பேட்டரிக்கு. இன்னொரு முனையை லாரியில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும்படி செய்துகொண்டாள். ஏனென்றால் பனி தள்ளும்போது அவளுக்கு ஜன்னல் கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும். முன்னாலிருக்கும் இரும்புத் தகடு தரையைச் சுரண்டும் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் ஓட்டுவாள். எவ்வளவு ஹீட்டர் போட்டாலும் நெஞ்சில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும்.

பிப்ரவரியில் அந்தப் புயல் வந்தது. மத்தியானமே வானமும் தரையும் ஒன்றாகிவிட்டன. பெர்ட்டி ஏரிக்கரைச் சாலையைத் தள்ளிக்கொண்டு வரும்போது, பனி மேட்டில் ஏதோ சிவப்பாக ஆடியது. நிறுத்தினாள். கென்னி, தன் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய பிக்கப் சாலையோரப் பள்ளத்தில் மூக்கை மேலே தூக்கிப் புதைந்திருந்தது.

“ஆளு நல்லா இருக்கியா?” என்று கத்தினாள்.

“நான் நல்லா இருக்கேன். பின்னாடி ஆடு குட்டி போட்டிருச்சு.”

சினையாட்டைத் தெற்கே ஒரு பண்ணையில் வாங்கி, புயலுக்கு முன் வீடு சேர்ந்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறான். பள்ளத்தில் இறங்கியதும் புகைபோக்கி பனிக்குள் புதைந்துவிட்டது. என்ஜினை ஓடவிட்டால் விஷவாயு உள்ளே வரும். அணைத்துவிட்டான். பின்பக்கக் கூண்டில், வைக்கோலில், ஆடு இரண்டு குட்டி போட்டிருந்தது. ஒன்று எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று ஈரத்துணி மாதிரி கிடந்தது. பெர்ட்டி அதன் வாய்க்குள் விரலைவிட்டுப் பார்த்தாள். வாய் சில்லென்றிருந்தது. அவளுக்கே தன் விரல் நினைவு வந்தது.

“எல்லாத்தையும் லாரிக்குக் கொண்டா.”

“ஆட்டையுமா?”

“பின்ன, அதுக்கு பஸ் வருமா?”

தாய் ஆட்டை இருவருமாக முன்னும் பின்னும் தூக்கி ஏற்றினார்கள். அது கென்னியின் காலடியில் நின்று பல்லைக் கடித்தது. எழுந்து நின்ற குட்டி அதன் வயிற்றுக்கடியில், ஹீட்டர் காற்று வீசும் இடத்தில். பெர்ட்டி மேலங்கியைக் கழற்றி, சூட்டுச் சட்டையைக் கழற்றி, அதற்குள் மற்றக் குட்டியை வைத்துச் சுற்றினாள். ஒயரைச் செருகினாள்.

“மடியில வச்சுக்க. ரொம்பச் சூடு வைக்காத, பாதி போதும். தேய்ச்சுக்கிட்டே இரு.”

“இது உன் பைக் சட்டைதானே?”

“இப்ப ஆட்டுச் சட்டை. தேய்.”

லாரியின் வயர்லெஸ்ஸில் கவுண்டி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். அங்கே வாண்டா இருந்தாள், பெர்ட்டியோடு பள்ளிக்கூடம் படித்தவள். பிக்கப் கிடக்கும் இடத்தைச் சொல்லி, ஆளை ஏற்றிக்கொண்டதாகச் சொன்னாள்.

“எத்தனை பேரு?”

“கென்னி ஒருத்தன். ஆடு மூணு.”

வயர்லெஸ் கரகரத்தது. பிறகு வாண்டா நிதானமாகக் கேட்டாள். “அதுல யாரு சீட் பெல்ட் போட்டிருக்கா?”

“கென்னி போட்டிருக்கான்.”

“சரி. மெதுவா வா.”

மெதுவாகத்தான் வரமுடியும். கென்னியின் வீடு வரைக்கும் சாலையே இல்லை. தள்ளித் தள்ளி உண்டாக்கவேண்டும். தகடு சுரண்டியது, பனி அலையாக எழுந்து வலப்பக்கம் விழுந்தது. அவள் ஜன்னலை மூடிக்கொண்டு, சத்தம் கேட்காமல், ஸ்டியரிங்கில் வரும் அதிர்வை மட்டும் வைத்து ஓட்டினாள். கென்னி உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஆடு வாசனையும் ஈர ரோமமும் டீசலும் சேர்ந்து கண்ணைக் கரித்தது.

தேவாலய வளைவு தாண்டியதும் கென்னி, “பெர்ட்டி,” என்றான்.

“என்ன?”

“உதைக்குது.”

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நல்லா உதைக்கட்டும்.”

சட்டைக்குள்ளிருந்து தகரத்தைக் கீறுவது போல ஒரு சின்னக் கத்தல் வந்தது. காலடியிலிருந்து தாய் பதில் கத்தியது. கென்னி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தொப்பியைச் சரிசெய்தான், ரொம்ப நேரம்.

வீட்டு வாசலில் அவன் மனைவி டிரிஷ் லாந்தரோடு நின்றாள். மின்சாரம் போயிருந்தது; விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆடும் குட்டிகளும் நேரே சமையலறைக்குப் போயின. பெர்ட்டிக்கு ஒரு வாய் காபி குடிக்க மட்டுமே நேரமிருந்தது. இன்னும் தள்ளவேண்டிய சாலைகள் கிடந்தன.

சூட்டுச் சட்டை பிழைக்கவில்லை. துவைத்ததில் கம்பி எங்கோ அறுந்துபோயிற்று, வாசனையும் போகவில்லை. டேல் முகர்ந்து பார்த்துவிட்டு, “இத போட்டுக்கிட்டுப் போனா எங்க போனாலும் ஆட்டுக்குட்டி பின்னாடியே வரும்,” என்றான். பெர்ட்டி அதைப் பிரித்துக் கம்பிச் சுருள்களை மட்டும் உருவி எடுத்தாள். அறுந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பற்றவைத்தாள். டிரிஷுக்குத் தையல் நன்றாக வரும். அவள் பழைய கம்பளிப் போர்வையில் அளவெடுத்துத் தைத்து, கம்பி ஓடத் தடமும் வைத்துக் கொடுத்தாள். சட்டை முன்னதைவிட நன்றாக உட்கார்ந்தது, இடுப்புப் பக்கமும் பிடித்தது.

மார்ச் மாதம், கூரையிலிருந்து பனி சொட்டத் தொடங்கியபோது, கென்னி ஒரு பாத்திரம் நிறைய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடு வந்தான். நன்றி என்றெல்லாம் அவனுக்குச் சொல்ல வராது. பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

“வண்டி கிளம்ப மாட்டேங்குது.”

“தார்ப்பாய் போட்டிருந்தியே,” என்றாள் பெர்ட்டி.

“போட்டிருந்தேன்.”

“பாதி டேங்க் இருந்துச்சே.”

“இருந்துச்சு. சொல்லு, சொல்லி முடிச்சுக்க. நான் நிக்கிறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “இல்ல, முடிஞ்சுது. தள்ளிக்கிட்டு வா.”

சனிக்கிழமைகளில் சவ்னாவின் அந்தப் பக்க அறையில் இரண்டு ஸ்டூல் ஆயிற்று. கென்னியின் கார்புரேட்டரைக் கழற்றி, பிசினைக் கரைத்து, நுண்ணிய துளைகளை ஊதி ஊதிச் சுத்தம் செய்தார்கள். பேட்டரி போனது போனதுதான். டேங்கின் உள்சுவரில் துரு, காற்றிலிருந்த ஈரம் செய்த வேலை. பாதி காலியாக விட்டதன் பலன் என்று பெர்ட்டி சொல்லவில்லை. கென்னியே விளக்கடித்துப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டான். வண்டி ஓடத் தொடங்கியதும், தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கும் சூட்டுக் கிரிப் வாங்கியிருப்பதாகச் சொன்னான்.

“குடு, போட்டுத் தரேன்.”

“இல்ல. நான் போடுறேன். நீ பக்கத்துல இரு.”

அவன் போட்டான். எந்தப் பக்கத்துக் கிரிப் அகலம் என்பதை மட்டும் அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஒரு சாயங்காலம் மிச்சமாயிற்று.

மே மாதம் முதல் ஞாயிறு. ஓரங்களில் அழுக்குப் பனி மேடுகள் இன்னும் கிடந்தன. சாலையில் பனிக்காலம் முழுக்கக் கொட்டிய மணலும் உப்பும். பெர்ட்டியும் கென்னியும் ஏரிக்கரைவரை போவதாக ஏற்பாடு. டேலும் டிரிஷும் பிக்கப்பில் பின்னால் வந்தார்கள், இறைச்சியும் கிழங்கும் அடைத்த சூடான பேஸ்டிகளோடு. ஏரியில் பனிக்கட்டிகள் மிதந்துகொண்டு ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. கல்லின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெர்ட்டி கையுறையைக் கழற்றியதும் டேல் அவள் விரல்களைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தான். ரோஜா நிறத்தில் இருந்தன.

“சரிதான்,” என்றான். அவனிடமிருந்து அது பெரிய பாராட்டு.

பேஸ்டி முடிவதற்குள் பனி விழ ஆரம்பித்தது. பெரிய பெரிய சோம்பேறிச் செதில்கள். நான்கு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாருக்கும் ஆச்சரியமில்லை.

“வண்டிய இங்கயே விட்டுட்டு எங்ககூட ஏறிக்குங்க. நாளைக்கு எடுத்துக்கலாம்,” என்றாள் டிரிஷ்.

கென்னி பெர்ட்டியைப் பார்த்தான். பெர்ட்டி சாலையைப் பார்த்தாள். தரை இன்னும் சூடாக இருந்தது, பனி விழுந்ததும் கரைந்தது.

“நான் முன்னாடி போறேன்,” என்றாள். “என் தடத்துலயே வா. பிரேக்க லேசா தொடு.”

திரும்பி வரும்போது டேல் பிக்கப்பின் நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, யாரும் முந்தாதபடி பின்னால் காவலாக வந்தான். பெர்ட்டி திருகு பொத்தானை முழுச்சூட்டுக்கு வைத்தாள். ஹெல்மெட் கண்ணாடியில் விழும் செதில்களை இடது கையால் வழித்துவிட்டு மறுபடி கிரிப்பைப் பிடித்தாள். கம்பளிச் சட்டை நெஞ்சோடு ஒட்டிக் கதகதத்தது. இவ்வளவு மெதுவாக அவள் ஓட்டியதே இல்லை, இவ்வளவு நிம்மதியாகவும் ஓட்டியதில்லை.

வீட்டில் டேல் நேரே சவ்னா அடுப்பைப் பற்றவைக்கப் போனான். கென்னி குளிரில் காலை உதறிக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தான்.

“எங்க போற? ரோட்டு உப்பு வண்டி பூரா ஒட்டியிருக்கு. இப்படியே விட்டா இரும்பத் தின்னுரும்.” பெர்ட்டி வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தாள். “துணிய எடு. உன்னோடத முதல்ல கழுவலாம்.”

கென்னி முணுமுணுத்துக்கொண்டே துணியை எடுத்தான்.